குரல் கொடுப்பவன் ஒருவன். விலை வைப்பவன் வேறொருவன்!

கால்பந்து எளியோரின் ஆட்டம். அதற்குக் குதிரை வேண்டா. விலையுயர்ந்த மட்டை வேண்டா. ஒரு பந்தும் ஒரு வெற்றுத் திடலும் போதும். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் காரி(சனி)க்கிழமை நண்பகலில் வேலை முடித்து, பிற்பகலில் கூடி, ஆடியும் ஆடக் கண்டும் வளர்த்த ஆட்டம் அது. பிற்பகல் 3 மணி என்னும் பெயர்பெற்ற ஆட்டநேரமே, தொழிலாளர்க்கு அந்நாளில் அரைநாள் ஓய்வு கிடைத்ததன் விளைவுதான். உழைப்பாளியின் ஓய்வை ஒட்டி ஆட்டத்தின் நேரம் அமைந்த காலம் அது. இன்றோ தொலைக்காட்சி வணிகனின் விருப்பத்தை ஒட்டி உழைப்பாளியின் ஓய்வு வெட்டப்படுகின்றது, ஒட்டப்படுகின்றது, சிலகால் பறிக்கவும்படுகின்றது. இத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இதனால் கொழுத்தவர் எவர்? இதனை எதிர்த்து நின்று வென்றவர் எவர்? இவற்றை எண்ணிப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

தொடக்கத்தில் தொலைக்காட்சி அஞ்சி அஞ்சியே அரங்கினுள் நுழைந்தது. 1960 செப்டம்பர் 10ஆம் நாள், பிளாக்பூல் கழகமும் போல்டன் கழகமும் ஆடிய ஆட்டம் நேரலையாகக் காட்டப்பெற்றது. இங்கிலாந்துக் கூட்டிணைவு ஆட்டங்களில் அதுவே முதல் நேரலை. ஆனால், அம்முயற்சி உடனே முறிந்தது. வீட்டிலிருந்தே ஆட்டத்தைக் காண முடியுமானால் அரங்கிற்கு எவர் வருவர் என்று கழகங்கள் பின்வாங்கின. 1964 ஆகத்துத் திங்களில் பி.பி.சி., அன்றைய ஆட்டத்தின் சுருக்கத்தை இரவில் காட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. ஆட்டம் அரங்கிற்கு உரியது, அதன் நிழலே திரைக்கு உரியது என்னும் முறை அன்று நிலவியது.

அக்காலத்திலேயே பர்ன்லி கழகத்தின் தலைவராயிருந்த பாப் இலார்டு என்பார் ஒரு கருத்தை வலியுறுத்தினார். காரிக்கிழமைப் பிற்பகலில் பெரிய கழகங்களின் ஆட்டத்தைத் திரையில் காட்டினால், சிற்றூர்க் கழகங்களின் வாயிலில் சீட்டு வாங்க ஆளிராது என்றார் அவர். அதன் பயனாய் அந்நாளின் பிற்பகல் 2.45 மணி முதல் 5.15 மணி வரை பிரித்தானியத் திரைகளில் கால்பந்து நேரலை கூடாதென்னும் தடை ஏற்பட்டது. எளிய கழகத்தைக் காக்க எழுந்த நல்ல தடைதான் அது. ஆயின், நல்ல வேலியையும் வணிகன் எவ்வாறு தன் கொல்லைக்கு வேலியாக்கிக் கொள்வான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பணம் புகுந்த வரலாறு

1983இல் நேரலை மீண்டும் வந்தது. 1988இல் நான்காண்டுகட்கு ஏறத்தாழ 4 கோடியே 40 இலக்கம் பவுண்டு கொடுத்து ஐ.டி.வி. உரிமம் வாங்கிற்று. இதுவரையில் ஆட்டத்தைக் காண வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் போதும். 1992இல்தான் கதவு அடைக்கப்பட்டது. முதல் பிரிவுக் கழகங்கள் பழைய கூட்டமைப்பினின்று பிரிந்து பிரிமியர் லீக் என்னும் புதுக் கடையைத் திறந்தன. ஐந்தாண்டு உரிமம் 30 கோடியே 40 இலக்கம் பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. நேரலை முழுவதும் இரூபர்ட்டு மர்டாக்கின் இசுக்கை நிறுவனத்திற்கு. சுருக்கக் காட்சி மட்டும் பி.பி.சி.க்கு. அன்றிலிருந்து தன் ஊர்க் கழகத்தின் ஆட்டத்தை வீட்டில் காண விரும்பியவன், கூரைமேல் அலைவாங்கிக் கிண்ணம் வைத்துத் திங்கள்தோறும் கப்பம் கட்ட வேண்டியவனானான்.

அம்முடிவு எடுக்கப்பட்ட விதத்தையும் அறிந்து கொள்ளுங்கள். டாட்டன்காம் கழகத்தின் தலைவராக அன்று வாக்களித்தவர் ஆலன் சுகர். அவருடைய ஆம்சுட்ராடு நிறுவனந்தான் இசுக்கைக்கு அலைவாங்கிக் கிண்ணங்களைச் செய்து விற்றது! தம் நலத்தை அவர் அவையில் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டே வாக்கும் அளித்தார். பாலுக்குக் காவல் பூனை. பூனையே தான் பூனையென்று ஒப்புக்கொண்ட பின்னும் காவல் மாற்றப்படவில்லை. அரங்கின் படிக்கட்டுகளில் மழையில் நனைந்து நின்ற பல நூறாயிரம் ஆர்வலர்க்கு அந்த அவையில் ஒரு வாக்கும் இல்லை.

பின்னர் விலை ஏறிய விரைவைச் சொல்லவும் வேண்டுமா? 2016 முதல் 2019 வரையிலான மூன்றாண்டு உள்நாட்டு உரிமம் 513 கோடிப் பவுண்டுக்கு மேல் விற்றது. 2025இல் தொடங்கிய நான்காண்டு உரிமம் 670 கோடிப் பவுண்டு. ஆண்டொன்றுக்கு 270 ஆட்டங்கள் வரை நேரலை. இவ்வளவு பணமும் வானிலிருந்து பொழியவில்லை, திங்கள்தோறும் கட்டணம் கட்டுபவனின் பையிலிருந்துதான் வந்தது, வருகின்றது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் வளைத்துக்கொள்வது முறையன்று என்று ஐரோப்பிய ஆணையம் தலையிட்டது. 2007 முதல் ஆட்டங்கள் பங்கிட்டு விற்கப்பட்டன. போட்டி வந்தால் விலை குறையும் என்பது ஏட்டுச் சுரைக்காய். நடந்ததென்ன? முன்பு ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டியவன், பின்பு இரண்டுக்குக் கட்டினான். அமேசானும் நுழைந்த 2019ஆம் ஆண்டு முதல் மூன்றுக்குக் கட்டினான். அந்த மூன்றாமவர் 2025இல் விலகினார். ஆயினும் இரண்டு கட்டணங்கள் நின்றபாடில்லை. ஒரு கள்வனை மூவராகப் பிரித்துவிட்டால் களவு குறையுமோ?

நேரத்தைத் திருடும் வணிகம்

பணக்கொள்ளையினும் கொடிது நேரக்கொள்ளை. ஆட்டம் காரிக்கிழமை 3 மணிக்கு என்று நம்பித் தொடர்வண்டிச் சீட்டு வாங்குகின்றான் ஓர் ஆர்வலன். சில கிழமைகள் கழித்துத் தொலைக்காட்சி அவ்வாட்டத்தைத் தேர்ந்தெடுக்கின்றது. ஆட்டம் ஞாயிறு மாலைக்கோ திங்கள் இரவுக்கோ மாறுகின்றது. வாங்கிய சீட்டு வீண். எடுத்த விடுப்பு வீண். இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 10 மணியாகும். நியூகாசிலிலிருந்து இலண்டனுக்கு வந்தவன் திரும்புவதற்கு அதன்பின் தொடர்வண்டி ஏது? திரையில் அவ்வாட்டம் முடிந்தவுடன் விளம்பரம் வரும். அரங்கில் இருந்தவனுக்கோ விடியும் வரை நிலையத்து இருக்கைதான் வரும்.

2023 திசம்பர் 24ஆம் நாள் நடந்ததைப் பாருங்கள். கிறித்துவர்க்கு அது திருநாளின் முந்தைய நாள். குடும்பம் ஒன்றுகூடும் நாள். அந்நாளில் பிரிமியர் லீக் ஆட்டம் 1995க்குப் பின் நடந்ததே இல்லை. ஆனால், தொலைக்காட்சியின் தேவைக்காக உல்வர்காம்ட்டன் கழகமும் செல்சி கழகமும் அன்று மோதின. ஆர்வலர் அமைப்புகள் வேண்டாமென்று சொல்லியும், இலண்டனிலிருந்து வரவேண்டிய செல்சி ஆர்வலர்கள் முறையிட்டும் அம்முடிவு மாறவில்லை. விழாவும் வீடும் மக்களுக்கு. நாட்காட்டி மட்டும் வணிகனுக்கு!

இனிப் பிற்பகல் தடைக்கு வருவோம். அதன் கருத்து எளிய கழகத்தைக் காப்பது. ஆனால், பெரிய ஆட்டங்கள் ஒவ்வொன்றாக வேறு நேரங்கட்கு இழுத்துச் செல்லப்பட்டுவிட்டன. 2024 முதல் கீழ்ப்பிரிவுக் கழகங்களின் ஆட்டங்களும் அதே வலையில் விழுந்தன. 93 கோடியே 50 இலக்கம் பவுண்டு ஐந்தாண்டு உரிமத்தின்படி ஆண்டுக்கு 1,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் திரைக்குச் செல்கின்றன. எந்தச் சிறு கழகத்தைக் காக்க வேலி போடப்பட்டதோ அக்கழகமே இப்பொழுது நண்பகல் 12.30க்கு இழுக்கப்படுகின்றது. வேலி நிற்கின்றது; உள்ளே பயிரில்லை.

இதைவிட வியப்பொன்று உண்டு. இலிவர்பூலில் பிறந்து, இலிவர்பூலில் வாழும் ஒருவன், காரிக்கிழமை 3 மணிக்குத் தன் ஊர் அரங்கில் நடக்கும் ஆட்டத்தைத் தன் வீட்டுத் திரையில் காண முடியாது. அது கால்பந்து ஒளிபரப்பு விதிக்கு மாறு. அதே ஆட்டத்தைச் சென்னையில் இருப்பவர் இரவு 7.30க்கோ, குளிர்காலமாயின் 8.30க்கோ, கட்டணம் செலுத்தி அமைதியாகக் கண்டு களிக்கலாம். அரங்கின் மதிலுக்கு அப்பால் வாழ்பவனுக்கு இல்லாத காட்சி, ஐயாயிரம் கல் தொலைவில் இருப்பவர்க்கு உண்டு! 2022 முதல் 2025 வரையிலான காலத்தில் பிரிமியர் லீக்கின் அயல்நாட்டு உரிம வருவாய், முதன்முறையாக உள்நாட்டு வருவாயைத் தாண்டியது. ஆகலின் இஃது எங்கோ நடக்கும் வெள்ளையர் வழக்கு, நமக்கென்ன என்று எவரும் எண்ணற்க. இங்கே நாம் திரைமுன் அமரும் நேரமும் அங்கே விலை பேசப்படுகின்றது. அவ்விலையைக் கொண்டுதான் அந்த ஊர்க்காரனின் ஆட்டநேரம் அவனிடமிருந்து பறிக்கப்படுகின்றது.

காட்டுகின்றார்களா, மறைக்கின்றார்களா?

சரி, இவ்வளவு பணம் வாங்கியவர்கள் ஆட்டத்தையாவது ஒழுங்காகக் காட்டுகின்றார்களா? கால்பந்து என்பது பந்தை வைத்திருப்பவன் ஒருவனின் ஆட்டமன்று. பந்து இல்லாத இடத்தில் ஓடி இடம் உண்டாக்குபவன், பின்களத்தில் வரிசை காப்பவன், எதிரியை இழுத்துக் கொண்டு விலகுபவன் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஆட்டம். அரங்கின் உயரப் படியில் நிற்கும் ஏழைத் தொழிலாளி இவை அத்தனையும் ஒரே பார்வையில் காண்பான். திரையில் இருப்பவனுக்கோ ஒருவனின் முகம், வியர்வை, துப்பும் காட்சி! முந்தைய உதையின் மீள்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த உதை நிகழ்ந்துவிடும். ஆட்டம் நடக்கும்போதே கூட்டத்தில் இருக்கும் பணக்காரரையும் நடிகரையும் தேடிக் கருவி அலையும். அழகிய பெண்களைத் தேடித் தேடிக் காட்டும் இழிவழக்கம் எவ்வளவு முற்றியதென்றால், 2018 உலகக்கோப்பையின்போது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஒருவரே அதனைக் குறைக்குமாறு ஒளிபரப்பாளர்க்குச் சொல்ல நேர்ந்தது.

காணொளித் துணைநடுவர் முறை வந்தபின் நிலைமை இன்னும் கெட்டது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கில் 2019இல் அது புகுந்தது. கோல் விழுந்தது, அரங்கம் ஆர்ப்பரித்தது, உடனே எல்லாம் நின்றது. எங்கோ ஓர் அறையில் எவரோ திரையைப் பார்த்துக் கோடு போடுகின்றனர். வீட்டில் இருப்பவன் அக்கோட்டைக் காண்கின்றான், விளக்கவுரையும் கேட்கின்றான். சீட்டு வாங்கி அரங்கில் நிற்பவனுக்கோ ஏன் நின்றது, எதை ஆராய்கின்றனர் என்பதே தெரியாது. மான்செசுட்டரின் ஓல்டு திராபோர்டிலும் இலிவர்பூலின் ஆன்பீல்டிலும் அன்று பெருந்திரை கூட இல்லை. நடுவர் தம் முடிவை அரங்கில் வாய்திறந்து அறிவிக்கும் முறை, இங்கிலாந்தில் 2025 சனவரியில்தான் ஒரு கோப்பைப் போட்டியில் முதலில் ஆய்ந்து பார்க்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக அரங்கத்தான் இருட்டில் நின்றான். ஆட்டம் யாருக்காக நடக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

உலகக்கோப்பையிலும் இதே கதைதான். 1986இல் மெக்சிகோவின் உச்சி வெயிலில் நண்பகல் ஆட்டங்கள் நடந்தன. இறுதி ஆட்டமும் நண்பகல் 12 மணிக்கே. மூச்சுமுட்டும் உயரமும் வெயிலும் ஆட்டக்காரனுக்கு. ஐரோப்பியத் திரைக்கு வாய்ப்பான மாலைநேரம் வணிகனுக்கு. மாரடோனா உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் குறை சொல்லியும் கேட்பாரில்லை. 1994இல் அமெரிக்க நாட்டிலும் நண்பகல் வெயிலிலேயே இறுதி ஆட்டம் நடந்தது. ஆர்வலன் மட்டுமல்லன், ஆடுபவனும் திரைக்கு அடிமையே.

போலிக் குரல்

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று ஓர் உண்மையை உரித்துக் காட்டியது. அரங்குகள் மூடப்பட்டன. ஆட்டக்காரர் ஆடினர், நடுவர் ஊதினார், கருவிகள் சுழன்றன. எல்லாம் இருந்தும் ஆட்டத்தில் உயிரில்லை. கூட்டத்தின் குரல் இல்லாத கால்பந்து, பண்ணில்லாப் பாடலாயிற்று. உடனே ஒளிபரப்பாளர் என் செய்தனர்? கணிப்பொறி விளையாட்டிற்காகப் பதிந்து வைத்திருந்த கூட்டத்தின் ஆரவாரத்தை எடுத்து, வெற்று அரங்கின்மேல் பூசினர்! ஆர்வலனின் குரல் தேவை, ஆர்வலன் தேவையில்லை. அவன் பாடியதைப் பிடித்து வைத்து, அவனுக்கே திரும்ப விற்றனர்.

அம்மட்டோடு நின்றார்களா? அதே ஆண்டு அகுதோபரில், அரங்கிற்குள் நுழையவும் வழியற்றிருந்த மக்களிடம், வழக்கமான கட்டணத்திற்கும் மேலாக ஆட்டமொன்றுக்கு 14.95 பவுண்டு தனிக்கட்டணம் கேட்டனர். வேலையிழந்தும் வருவாய் குறைந்தும் மக்கள் வாடிய நேரம் அது. அப்பொழுதுதான் நியூகாசில் ஆர்வலர்கள் ஓர் அரிய செயல் செய்தனர். “இப்பணத்தை வணிகனுக்குக் கொடோம், பசித்தோர்க்குக் கொடுப்போம்” என்று உறுதிபூண்டு, ஆட்டத்தைக் காணாது, அத்தொகையைத் தம் ஊர் உணவு வங்கிக்கு அளித்தனர். பிற கழகங்களின் ஆர்வலர்களும், களத்தில் தமக்குள் பகைவராய் இருந்தோரும், அவ்வழியே நின்றனர். அடுத்த திங்களே அத் தனிக்கட்டணம் கைவிடப்பட்டது. கல்லெறியவில்லை, கதவுடைக்கவில்லை, வாங்க மாட்டோம் என்ற ஒரு சொல்தான். வணிகன் அஞ்சுவது அந்த ஒரு சொல்லுக்கே.

செருமானியர் காட்டிய வழி

செருமனியின் ஆர்வலர்கள் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். அங்கே கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. சில விலக்குகள் உண்டெனினும் பொதுமுறை அதுவே. ஆகையால், அங்குள்ள ஆர்வலன் வெறும் நுகர்வோன் அல்லன், உரிமை உடையவன்.

2017–18 ஆட்டப் பருவத்தில் தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை ஆட்டங்கள் புகுத்தப்பட்டன. பருவமொன்றுக்கு ஐந்தே ஐந்துதான். ஐந்துதானே என்று அவர்கள் வாளாவிருந்தார்களில்லை. ஒட்டகம் முதலில் கூடாரத்தில் மூக்கைத்தானே நுழைக்கும்! 2018 பிப்பிரவரி 19இல் பிராங்கபர்ட்டில் நடந்த முதல் திங்கள் ஆட்டத்தில் வரிப்பந்துகள் மழையாய்க் களத்தில் விழுந்தன. ஆட்டம் நின்று நின்று நடந்தது. அடுத்த திங்களன்று, வழக்கமாக 80,000 பேர் நிறையும் தார்ட்டுமண்டு அரங்கிற்கு ஏறத்தாழ 54,000 பேரே வந்தனர். திரையில் காட்டுதற்கு வணிகன் விரும்பிய அந்த மஞ்சள் மக்கட்சுவர், அன்று பல்விழுந்த வாய்போல் கிடந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே, அடுத்த ஒப்பந்தம் முதல் திங்கள் ஆட்டம் இராது என்று கூட்டிணைவு அறிவித்தது; 2021இல் அவ்வாறே ஒழிந்தது.

2023 திசம்பரில் மீண்டும் ஒரு சூழ்ச்சி. ஒளிபரப்பு உரிம வருவாயில் 8 விழுக்காட்டை, இருபதாண்டுகளுக்கு, ஏறத்தாழ 100 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டத்திற்கு 36 கழகங்களில் 24 கழகங்கள் ஒப்புதல் தந்தன. பணம் போட்டவன் நாளை நேரத்தையும் கேட்பான், நிறத்தையும் கேட்பான் என்று ஆர்வலர் உணர்ந்தனர். மீண்டும் வரிப்பந்துகள், பொற்காசு வடிவில் இனிப்புகள், தொலையியக்கி கொண்டு ஓட்டிய சிறு வண்டிகள்! கிழமைதோறும் ஆட்டங்கள் தடைப்பட்டன. 2024 பிப்பிரவரி 21ஆம் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டது. நூறுகோடி ஒருபுறம், வரிப்பந்து ஒருபுறம். வென்றது எது?

எதிருரைப்போர்க்கு

“தொலைக்காட்சிப் பணம் இல்லையேல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் வருவரோ? புதிய அரங்குகள் எழுமோ?” என்று கேட்பார் உளர். பணம் வந்ததை நாம் மறுக்கவில்லை. பணம் எங்கே போயிற்று என்று கேட்கின்றோம். நூற்றுக்கணக்கான கோடி வந்தபின் நுழைவுச்சீட்டின் விலை குறைந்திருக்க வேண்டுமன்றோ? இங்கிலாந்தில் வெளியூர் ஆர்வலர்க்கான சீட்டுக்கு 30 பவுண்டு என்னும் வரம்பு 2016இல் வந்ததும், ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதனாலேயே. எவரும் அருள்கூர்ந்து தந்ததனால் அன்று.

“பிடிக்காவிட்டால் பாராதிருக்கலாமே” என்பார் இன்னொரு சாரார். சோப்புப் பிடிக்காவிட்டால் வேறு சோப்பு வாங்கலாம். தந்தையும் பாட்டனும் கொண்டாடிய ஊர்க் கழகத்தை விட்டு வேறு கழகம் வாங்கிக் கொள்ள முடியுமோ? அவன் விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்துதான் அவன் கழுத்தில் விலை கட்டுகின்றனர். அன்பையே பிணையாக வைத்து வாங்கும் கடன் இது.

பிரித்தானியச் சட்டம் ஒரு வழியை முன்னரே காட்டியுள்ளது. உலகக்கோப்பை ஆட்டங்கள், இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஆகியவை கட்டணமின்றி அனைவரும் காணும் வாயிலாகவே வரவேண்டும் என்பது அங்குச் சட்டம். சில ஆட்டங்கள் மக்களின் பொதுச்சொத்து என்பதை ஒப்புக்கொண்ட அரசு, ஆண்டு முழுதும் நடக்கும் கூட்டிணைவு ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவ்வாறு கருதாதது ஏன்?

ஆகலின், வேண்டுவன இவை. ஆட்டத்தின் நாளும் நேரமும் போதிய காலம் முன்னரே உறுதி செய்யப்படல் வேண்டும்; மாற்றினால், சீட்டும் பயணச் செலவும் இழந்தவனுக்கு மாற்றியவனே ஈடு தரல் வேண்டும். வெளியூர் ஆர்வலன் வீடு திரும்பத் தொடர்வண்டி இல்லாத நேரத்தில் ஆட்டம் வைக்கலாகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆட்டமேனும் கட்டணமின்றிக் காட்டப்படல் வேண்டும். துணைநடுவர் அறையில் பேசப்படுவது அரங்கில் உள்ளோர்க்கும் கேட்டல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமம் விற்கும் அவையில் ஆர்வலர்க்கு வாக்கு வேண்டும்.

இவை கிடைக்குமா என்று ஐயுறுவோர் நியூகாசிலையும் தார்ட்டுமண்டையும் நினைக்க. கூட்டம் இல்லாத அரங்கை எவனும் விலைகொடுத்து வாங்கமாட்டான். வணிகன் விற்பது பந்தை அன்று. பந்தைச் சூழ்ந்து எழும் மக்களின் முழக்கத்தையே. அம்முழக்கம் எவருடைய தொண்டையிலிருந்து எழுகின்றதோ அவரே அதன் உடைமையாளர். உடைமையாளன் ஒருநாள் வாய்மூடி நின்றால் கடையும் அன்றே மூடும். அதனை அறிந்தவன் அஞ்சான். அறியாதவனுக்கு அறிவிப்பதே நம் கடன்.